கழித்தல் கணக்கு

ஐந்தே முக்காலுக்கு அளவுமானியின் முள் அசைகிறது.
சாட்ஸ்வர்த் எழுந்துவிட்டது.
எந்தத் தெருவில் யார் என்று எனக்குத் தெரியாது,
எத்தனை பேர் முகம் கழுவினார்கள் என்று தெரியும்.

நுழைவாய்க் கம்பிவலையில் இன்று
ஒரு பொம்மைக் கார், பள்ளி அடையாள அட்டை,
பல்செட்டின் மேல்வரிசை.
நொக்வாசி அதை வாரியால் தூக்கிப் பார்த்து
"பாவம், மத்தியானம் கஞ்சிதான் இவருக்கு" என்றாள்.

புரட்டாசியில் இந்தக் கிணற்றுக் கொழுப்பு மெலியும்.
ஒரு மாதம் ஊர் ஆட்டிறைச்சியை மறந்திருக்கும்.
விரதம் முடிந்த வாரம் உருளைகள் அடைக்கும்.
பதிவேட்டில் பஞ்சாங்கத்துக்குப் பத்தி இல்லை,
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எனக்குத் தங்கியது கொஞ்சம்.
அதில் ஒன்று, கழி என்ற வினை.
பொழுது கழியும். கடன் கழியும்.
திருஷ்டி கழிப்பார்கள்.
கடைக்காரர் கழிவு கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்குவோம்.
தண்ணீருக்கு முன்னால் அந்தச் சொல் வந்தால் மட்டும்
மூக்கைப் பொத்துகிறோம்.

மணலைக் கழி.
மயிரைக் கழி, எண்ணெயைக் கழி.
காற்று குமிழியிடும் தொட்டியில்
கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களுக்கு
மிச்சத்தைப் பரிமாறு
(எச்சில் பார்க்காத பந்தி ஊரில் அது ஒன்றுதான்).
மணற்படுகை, ஓசோன், துளி குளோரின்.
மீதியைக் குடுவையில் பிடித்து
வெளிச்சத்தில் தூக்கினால்
மறுபக்கம் என் கைரேகை.

நேற்றுச் சமூகக் கூடத்தில்
சக்ரன் செட்டி எழுந்தார்:
"சாக்கடையை எங்களுக்கே திருப்பித் தரப்போகிறீர்களா?"
உங்களுக்கு இல்லை ஐயா, காகித ஆலைக்கு.
அது இதைக் குடித்தால்
அணையில் அதன் பங்கு உங்களுக்கு மிஞ்சும்.
"பங்கா? செவ்வாய்க்கிழமையிலிருந்து
என் வீட்டுக் குழாய் இருமுகிறது, அம்மா."
கூடம் சிரித்தது. நானும்.
என் குழாய் திங்களன்றே இருமலையும் நிறுத்திவிட்டதை
சொல்லவில்லை.

மேட்டுத்தெரு முனையில் பெரிய குழாய் வெடித்து
பதினோரு நாளாய்
நல்ல அணைநீர் தார்ச்சாலையைக் கழுவிக்கொண்டிருக்கிறது.
அதை யாரும் அழுக்காக்கவில்லை,
யாரும் குடிக்கவுமில்லை.
அந்தக் கழித்தலுக்கு மீதி கிடையாது.

புகார் மனு நான்கு பக்கம், நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
விரலால் தாளைத் தடவினேன். நம் ஆலைத் தாள்.
போன மாதம் நீங்கள் குளித்த நீரில் கூழாகி,
உலர்ந்து, வெட்டுப்பட்டு,
உங்கள் கோபத்தை ஏற்றிக்கொண்டு
என்னிடமே வந்திருக்கிறது.
நியாயமான கோபம். அடித்தல் திருத்தல்கூட இல்லை.

இன்றிரவு அடைகாக்கும் பெட்டியைத் திறந்து
தட்டுகளை வரிசையாக வைக்கிறேன்.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.
ஏழாவதில் இரண்டு நீலப் புள்ளிகள்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன்,
இரண்டேதான்.
ஒரு குண்டூசி முனையில் இரண்டும் உட்காரும்.

தொலைபேசியில் "மூடு" என்கிறேன்.
நொக்வாசி காரணம் கேட்கவில்லை.
தொலைவில் வால்வுச் சக்கரம் முனகுவது கேட்கிறது,
பிறகு இன்னொன்று, எதிர்த்திசையில்.

விடியும்வரை ஆலை அணைநீரைக் குடிக்கும்,
சக்ரன் செட்டியின் பங்கிலிருந்து.
இலக்கம் போதாதபோது
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்று
சிலேட்டில் மேலே ஒரு சின்ன ஒன்று போடுவோமே,
அதைப்போல
பதிவேட்டில் நேரத்தை எழுதுகிறேன்: 11.40.
திருப்பித் தருவது எப்போது என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன்.